சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டால்: முதல் நாளிலிருந்து பணம் கைக்கு வரும்வரை

"அண்ணே, தப்பு என் மேலதான். பெல்ட்டை மாட்டாம ஏறிட்டேன். இப்ப கேஸ் போட்டா பணம் வருமா, இல்ல என்னையவே பிடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்களா?"

அடிபட்டுக் கிடக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் வரும். யார் மேல் தப்பு என்று, வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சிங்கப்பூர்ச் சட்டம் கேட்பதே இல்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டதா என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும். நீங்கள் அவசரப்பட்டிருக்கலாம், கவனக்குறைவாக இருந்திருக்கலாம், சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்காமல் போயிருக்கலாம். அதனால் உங்கள் உரிமை போய்விடாது. குடித்துவிட்டோ போதைப்பொருள் எடுத்துக்கொண்டோ அடிபட்டால், அல்லது நீங்களே இறங்கிச் சண்டை போட்டு அடிபட்டால்தான் சிக்கல். வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்கும் கிடையாது.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஸ்கஃபோல்டிங், அதாவது சாரம் கட்டும் ஆளாக இங்கே வந்தேன். கோர்ஸ்கள் முடித்து இப்போது சைட்டில் சேஃப்டி கோஆர்டினேட்டராக இருக்கிறேன். தமிழும் ஓரளவு இங்கிலீஷும் பேசுவேன் என்பதால் யாருக்கு அடிபட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது என் பொறுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனாலும் யாராவது ஒருவர் கவரில் எம்சி என்கிற மருத்துவ விடுப்புத் தாள்களோடு வந்து நிற்பார். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் நல்ல சட்டம். ஆனால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது, முதல் சில நாட்களில் நீங்கள் வாயால் சொன்னதும் தாளில் பதிவானதும்தான்.

யாருக்கெல்லாம் உண்டு

சட்டத்தின் பெயர் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். சைட்டில் எல்லோரும் 'விக்கா' என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019இல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருப்பவர், சிங்கப்பூரர் என்ற பேதம் இதில் கிடையாது. ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் என்றால் போதும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தனி இன்சூரன்ஸ் ஏற்பாடு இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும், போலீஸ், ராணுவம் போன்ற சீருடைப் பணியாளர்களுக்கும் இது கிடையாது.

உடலுழைப்பு வேலை செய்கிற எல்லோருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இந்த இன்சூரன்ஸை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காமல் விட்டிருந்தாலும் இழப்பீட்டைக் கொடுக்கும் பொறுப்பு அவருடையதுதான். மெயின்கான் (முதன்மை ஒப்பந்தக் கம்பெனி) சைட்டில் நின்றுகொண்டிருந்தபோது அடிபட்டது, சம்பளம் தருவது சப்கான் (துணை ஒப்பந்தக் கம்பெனி) என்றால் யாரைக் கேட்பது என்று பலர் குழம்புகிறார்கள். பெர்மிட்டில் யார் பெயர் முதலாளியாக இருக்கிறதோ அவர்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

கம்பெனி லாரியில் டார்மெட்ரியிலிருந்து (தொழிலாளர் தங்கும் விடுதி) சைட்டுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்தால் அதுவும் வேலைக் காயம்தான். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டி என்பதுதான் அங்கே முக்கியம். நீங்களாக எம்ஆர்டி ரயில் பிடித்து வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் பொதுவாக இதில் வராது. கம்பெனி வேலையாக வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட இடத்தில் அடிபட்டாலும் வரும்.

காயம் என்றால் எலும்பு முறிவும் விரல் துண்டிப்பும் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஷிப்யார்டில் கிரைண்டிங், சிப்பிங் என்று வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்றதால் காது மந்தமாகிப் போவதும், சிமென்ட்டிலும் கெமிக்கலிலும் கை வைத்துத் தோல் வெடித்து ஆறாமல் போவதும் சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில் நோய்கள். காது கேட்கும் திறன் குறைந்துவிட்டது என்று தெரிந்தும் 'வயசாயிருச்சு' என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். டாக்டரிடம் போய், எந்த வேலையில் எத்தனை வருஷம் இருந்தேன் என்று சொல்லிச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கம்பி வளைக்கும் மெஷினில் இடது கை ஆள்காட்டி விரல் மாட்டிய ஒரு தம்பியோடு எமர்ஜென்சிக்குப் போயிருந்தேன். அவன் வேறு கம்பெனி, பக்கத்து சைட். துணியைச் சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கம்பெனியிலிருந்து வந்தவர் கவுன்டருக்கு முந்திப் போய், டார்மெட்ரிக் கதவில் கை நசுங்கிவிட்டது என்று இங்கிலீஷில் சொல்கிறார். நர்ஸ் கம்ப்யூட்டரில் அதைத் தட்டத் தொடங்கிவிட்டார். தம்பிக்கு அவர் என்ன சொன்னார் என்றே விளங்கவில்லை. நான் அவன் காதில், "உனக்கு எங்க அடிபட்டுச்சோ அதை நீயே சொல்லு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். எழுந்து போய், "சிஸ்டர், ஆக்சிடென்ட் அட் ஒர்க். ஃபிங்கர் இன்சைட் மெஷின்" என்றான். இரண்டு தடவை சொன்னான். நர்ஸ் தட்டியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மெஷின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு என்று அவனிடமே கேட்டார். அந்த இரண்டு வரிதான் பின்னால் அவன் கேஸுக்கு முதுகெலும்பாக நின்றது.

ஆஸ்பத்திரிப் பதிவில் முதல் நாள் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியும் மனிதவள அமைச்சும் எடுத்துப் பார்க்கும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று பதிவாகிவிட்டால் அதை மாற்ற அப்புறம் படாதபாடு பட வேண்டும். ஆகவே கவுன்டரில் ஒரு முறை, நர்ஸிடம் ஒரு முறை, டாக்டரிடம் ஒரு முறை, வேலை செய்யும்போது அடிபட்டது என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். எங்கெங்கே வலிக்கிறதோ எல்லாவற்றையும் சொல்லுங்கள். கால் உடைந்த வலியில் இடுப்பு வலியைச் சொல்லாமல் விட்டு, இரண்டு மாதம் கழித்து இடுப்பைக் காட்டினால், அது இந்த விபத்தில் வந்ததுதானா என்ற கேள்வி நிச்சயம் வரும்.

உயிருக்கு ஆபத்தான அடி என்றால் கம்பெனி வண்டிக்குக் காத்திருக்காமல் 995க்குப் போன் போடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. சில கம்பெனிகள் தங்களுக்குத் தெரிந்த கிளினிக்குக்கே கூட்டிப்போய் இரண்டு நாள் எம்சியோடு முடித்துவிடப் பார்க்கும். வலி குறையவில்லை என்றால் நீங்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

எம்சி தாள், டாக்டர் கொடுக்கும் மெமோ, அடுத்த அப்பாயிண்ட்மென்ட் சீட்டு எல்லாம் உங்கள் சொத்து. கம்பெனி ஒரிஜினலைக் கேட்டால் கொடுக்கும் முன் இருபுறமும் போட்டோ எடுங்கள். எடுத்த கையோடு ஊரில் மனைவிக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் தொலையும், டார்மெட்ரியில் அலமாரி மாறும், ஊருக்குப் போன தாள் பத்திரமாக இருக்கும். அடிபட்ட இடத்தையும் மெஷினையும் பக்கத்தில் நின்ற ஆள் யாராவது போட்டோ எடுத்திருந்தால் வாங்கி வையுங்கள். பார்த்தவர்கள் பெயரும் ஊர் நம்பரும் வேண்டும். சிங்கப்பூர் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும், ஊர் நம்பர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கம்பெனி ரிப்போர்ட் பண்ணிவிட்டதா?

சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நேரில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம், இப்படி அடிபட்டது. தமிழில் போட்டாலும் பரவாயில்லை, வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் எழுத்தில் இருப்பது நல்லது.

அடிபட்டது தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி மனிதவள அமைச்சிடம் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேல் எம்சி இருந்தால்தான் என்று இருந்தது. அதனால்தான் இரண்டு நாள் எம்சி, பிறகு 'லைட் டூட்டி', அதாவது லேசான வேலை, என்று எழுதி வாங்குகிற பழக்கம் ஊறிப்போயிருந்தது. 2020 செப்டம்பரிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரு நாள் எம்சி என்றாலும், வெறும் லைட் டூட்டி என்றாலும் ரிப்போர்ட் உண்டு.

கம்பெனி ரிப்போர்ட் செய்யவில்லை, அல்லது செய்ததா என்று தெரியவில்லை என்றால் நீங்களே அமைச்சிடம் கேஸ் பதிவு செய்யலாம். இணையத்தில் செய்யலாம், பெண்டிமீர் ரோட்டில் இருக்கும் சேவை மையத்தில் போய் விசாரிக்கலாம். காசு எதுவும் கிடையாது. கெடு ஒரு வருடம், விபத்து நடந்த நாளிலிருந்து. "முதலாளி நல்ல மனுஷன், பார்த்துக்குவாருன்னு சொன்னாரு" என்று பதினோரு மாதத்தை ஓட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நல்ல முதலாளி என்றால் கேஸ் போடுவதால் அவருக்குக் கோபம் வர வேண்டியதில்லை. பணம் கொடுப்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான், அதற்குத்தான் அவர் வருஷாவருஷம் பிரீமியம் கட்டுகிறார்.

எம்சி மணி

வேலைக்குப் போகாத நாட்களுக்கு வரும் சம்பளத்தை நம் ஆட்கள் எம்சி மணி என்பார்கள். சாதாரண எம்சி என்றால் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களும் ஆஸ்பத்திரி கொடுத்த 'ஹாஸ்பிடலைசேஷன் லீவ்' நாட்களும் என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் போகும் நாட்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்ததிலிருந்து ஒரு வருடம் வரை இது உண்டு. மாதாமாதம் சம்பளம் போடும் நாளிலேயே இதையும் போட வேண்டும், கேஸ் முடியட்டும் என்று நிறுத்திவைக்கக் கூடாது.

முழுச் சம்பளம் என்றால் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மட்டும் இல்லை. இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அடிபடுவதற்கு முந்தைய 12 மாதங்களில் ஓடி (ஓவர்டைம்), அலவன்ஸ் எல்லாம் சேர்த்து நீங்கள் வாங்கியதன் சராசரியைத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. லைட் டூட்டி நாட்களுக்கும் இந்தச் சராசரிதான் அளவு. பேசிக்கை மட்டும் கணக்குப் போட்டு எம்சி மணி கொடுத்தால் அது குறைவு. கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவு முதலாளியுடையது. விபத்து 2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு நடந்திருந்தால் 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, அதற்கு முன் என்றால் 45,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை. பெரிய ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரி கம்பெனியிடம் உத்தரவாதக் கடிதம் கேட்கும். கம்பெனி அதைத் தராமல் இழுத்தடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், கை கால் பழைய நிலைக்குத் திரும்புவதும் தள்ளிப்போகும். அப்படி இழுக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் அமைச்சுக்கோ உதவி அமைப்புகளுக்கோ தெரிவியுங்கள். ஆஸ்பத்திரி பில்லை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

பாயிண்ட்டும் கணக்கும்

டார்மெட்ரியில் "பாயிண்ட் வந்துருச்சா?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். உடலில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பாதிப்பு எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதுவதுதான் பாயிண்ட். 8 பாயிண்ட் என்றால் 8 சதவீதம். ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் முடிந்து காயம் ஒரு நிலைக்கு வந்தபின் மதிப்பிடுவார்கள். முன்பு இதற்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இப்போதைய சட்டத்தில் விபத்து நடந்து ஆறு மாதம் ஆனபின், முழுதாக ஆறியிருக்காவிட்டாலும், அந்த நேரத்து நிலையை வைத்தே மதிப்பிட வழி இருக்கிறது.

கணக்கு இதுதான். உங்கள் மாதச் சராசரிச் சம்பளம், வயதுக்கேற்ற ஒரு எண், பாயிண்ட் சதவீதம், இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். வயது 40க்குள் என்றால் அந்த எண் 181. வயது ஏற ஏற அது குறையும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, முதல் இரண்டையும் பெருக்கி வரும் தொகை 1,16,000 வெள்ளிக்குக் கீழே வந்தால் 1,16,000 என்று எடுத்துக்கொள்வார்கள். 3,46,000க்கு மேல் போனால் 3,46,000 என்று நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு முந்தைய விபத்துகளுக்கு 97,000, 2,89,000.

ஒரு தம்பிக்கு வயது 30 என்று வைத்துக்கொள்வோம். 8 பாயிண்ட் வந்திருக்கிறது. பேசிக் 600 வெள்ளி, ஆனால் ஓடியும் அலவன்ஸும் சேர்த்துச் சராசரி 1,200 வெள்ளி வாங்கியிருக்கிறான். 1,200ஐ 181ஆல் பெருக்கினால் 2,17,200. அதில் 8 சதவீதம் 17,376 வெள்ளி. கம்பெனி கொடுத்த தாளில் சம்பளம் 600 என்று மட்டும் இருந்தால்? 600ஐ 181ஆல் பெருக்கினால் 1,08,600. அது கீழ் வரம்புக்கும் குறைவு என்பதால் 1,16,000ஐ எடுத்து 8 சதவீதம் போடுவார்கள். 9,280 வெள்ளி. அதே விரல், அதே பாயிண்ட், வித்தியாசம் 8,096 வெள்ளி. ஊரில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பும் பணம் அது.

அதனால்தான் பே ஸ்லிப், பே ஸ்லிப் என்று நான் அடித்துக்கொள்கிறேன். சம்பளத்தை வரிவரியாகப் பிரித்துக் காட்டும் பே ஸ்லிப் கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து இங்கே கட்டாயம். பேசிக் எவ்வளவு, ஓடி எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு, அலவன்ஸ் என்ன, பிடித்தம் என்ன என்று அதில் இருக்க வேண்டும். பேங்கில் சம்பளம் ஏறிய பதிவு இருந்தால் அதுவும் சாட்சி. டைம் கார்டை மாதக் கடைசியில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வேலைக்கு வரும் முன் கிடைத்த ஐபிஏ கடிதத்தைத் (பெர்மிட்டுக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதம்) தூக்கிப் போடாதீர்கள். அடிபடாத போதே இதையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டும். அடிபட்டபின் கட்டுப் போட்ட கையோடு தேடி அலைய முடியாது.

தொகை குறைவாக இருந்தால்

இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப் போட்டு உங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பும். அதில் மூன்றைச் சரிபாருங்கள்: சராசரிச் சம்பளம், வயது, பாயிண்ட். ஒன்று தவறாக இருந்தாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்கான கெடு மிகக் குறைவு, நோட்டீஸிலேயே போட்டிருக்கும். கவரைப் பிரிக்காமல் தலையணைக்கடியில் வைத்திருந்து கெடுவைத் தாண்டிவிட்டவர்களும் உண்டு. இங்கிலீஷ் புரியவில்லை என்றால் வந்த அன்றே யாரிடமாவது காட்டுங்கள். சம்பளக் கணக்கு தவறு என்றால் பே ஸ்லிப்பை வைத்து வாதாடலாம். பாயிண்ட்டை எதிர்த்தால் அது மருத்துவக் குழுவுக்குப் போகும். அவர்கள் மறுபடி பரிசோதித்துச் சொல்வதுதான் முடிவு. பாயிண்ட் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். நண்பனுக்கு அதிகம் வந்தது என்பதற்காக மட்டும் எதிர்க்காமல், உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வக்கீல் வைக்கலாமா என்று கேட்பார்கள். விக்கா கேஸுக்கு வக்கீல் தேவையே இல்லை. தேக்கா பக்கம் "கேஸ் எடுத்துத் தர்றேன், இத்தனை சதவீதம் கொடு" என்று சுற்றும் ஆட்களிடம் தாள்களைக் கொடுத்துவிடாதீர்கள். வக்கீல் தேவைப்படுவது, விக்காவை விட்டுவிட்டு முதலாளி மேல் கோர்ட்டில் சிவில் வழக்குப் போடும்போதுதான். அங்கே யார் மேல் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஜெயித்தால் விக்காவைவிட அதிகம் கிடைக்கலாம், தோற்றால் கையிலிருப்பதும் போகும். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். முதுகுத்தண்டு அடிபட்டு வாழ்நாள் முழுக்க எழ முடியாத அளவு பெரிய காயம், கம்பெனி தப்புக்குத் தெளிவான ஆதாரம் என்று இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். விரல், கை, கால் முறிவு போன்றவற்றில் விக்காவே போதும் என்பது என் கருத்து.

பெர்மிட்டைக் கட் பண்ணிவிட்டால்

எல்லோர் வயிற்றையும் கலக்குவது இதுதான். கேஸ் போட்டதும் பெர்மிட்டை ரத்து செய்வது நடக்கிறது. நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பெர்மிட் ரத்தானாலும் கேஸ் ரத்தாகாது. சிகிச்சையும் கேஸும் நடக்கும்வரை தங்குவதற்கு 'ஸ்பெஷல் பாஸ்' கொடுப்பார்கள். அதில் தேதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பாஸில் இருந்துகொண்டு, எங்காவது கூப்பிட்டார்கள் என்று வேலைக்குப் போய்விடாதீர்கள். பிடிபட்டால் நீங்கள்தான் குற்றவாளி ஆவீர்கள். கேஸ் முடியும்வரை உங்கள் தங்குமிடத்துக்கும் வைத்தியத்துக்கும் பழைய முதலாளிதான் பொறுப்பு.

"இதில் கையெழுத்துப் போடு, 2,000 வெள்ளி தர்றோம், டிக்கெட் போட்டுட்டோம், ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்க" என்பார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் சட்டத்தில் அந்தத் தாள் செல்லாது. ஆனாலும் படித்துப் புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மனம் இல்லாமல் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனால் இமிக்ரேஷன் கவுன்டரில் அதிகாரியிடம், "ஐ ஹேவ் இஞ்சுரி கேஸ், ஐ டோன்ட் வான்ட் கோ" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டீர்கள் என்றாலும், விபத்து நடந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அங்கிருந்தே கேஸ் போடலாம். வேலையை விட்டு நின்றுவிட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

தனியாக இதையெல்லாம் தூக்கிச் சுமக்க வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 24 மணி நேரமும் 6536 2692 என்ற எண்ணில் பேசலாம், தமிழில் பேசுவார்கள். டிடபிள்யூசி2 என்ற அமைப்பு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் கேஸில் இருக்கும் தொழிலாளிகளுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. சாப்பிடப் போகிறவர்கள் அப்படியே தாளைக் காட்டி யோசனையும் கேட்டு வருகிறார்கள். ஹோம் என்ற அமைப்பும் உதவும். கேலாங்கில் ஹெல்த்சர்வ் கிளினிக்கில் குறைந்த செலவில் வைத்தியம் கிடைக்கும், மனம் உடைந்துபோனவர்களுக்கு ஆறுதலாகப் பேசவும் ஆள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் வேலையில்லாமல் அடுக்குக் கட்டிலின் மேல்பங்க்கில் படுத்துக் கிடப்பது உடம்பை விட மனதைத்தான் அதிகம் தின்னும். அதனால் அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு

இதை ஊரில் இருக்கும் மனைவியோ அப்பாவோ படிக்கிறீர்கள் என்றால், இந்தப் பகுதி உங்களுக்கு. வேலையில் உயிர்போனால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. கணக்கு அதே மாதிரிதான், 40 வயதுக்குள் என்றால் சராசரிச் சம்பளத்தை 136ஆல் பெருக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 2,69,000 வெள்ளி. அதற்கு முன் 76,000 முதல் 2,25,000 வரை. இது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் போன்றவர்களுக்குச் சேர வேண்டிய பணம். இறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். உடலை அனுப்பிவைத்த செலவைக் காட்டியோ, கம்பெனி தரும் உதவித்தொகையைக் காட்டியோ இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

உறவை நிரூபிக்கும் தாள்கள்தான் இதில் தாமதத்துக்கு முக்கியக் காரணம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி என்றிருந்தால் இப்போதே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, திருத்திக்கொள்ளுங்கள். அவர் அனுப்பும் பே ஸ்லிப் போட்டோக்களை அழிக்காதீர்கள். பெர்மிட்டின் முன்பக்கமும் பின்பக்கமும், அவருடைய ஃபின் நம்பர் (பெர்மிட்டில் இருக்கும் அடையாள எண்), கம்பெனியின் முழுப்பெயர், டார்மெட்ரி முகவரி, உடன் தங்கியிருக்கும் ஒரு நண்பரின் எண், இவை உங்கள் போனிலும் இருக்கட்டும், ஒரு நோட்டிலும் எழுதி இருக்கட்டும். இன்றைக்கு இரவு அவர் போன் பேசும்போது கேட்டு வாங்கிவிடுங்கள்.